40 கோடி ஆண்டுப் பாறையில் தாவரம் எது, பூஞ்சை எது என்று வேதியியல் சொல்ல முடியுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் திருப்பிச் சொல்கிறேன். ‘ஸ்காட்லாந்துப் பாறையில் கிடைத்த ப்ரோட்டோடாக்சைட்டிஸ் என்ற உயிரி தாவரமும் இல்லை, பூஞ்சையும் இல்லை என்று வேதியியல் சோதனையில் தெரிந்துவிட்டதாகச் செய்தி படித்தேன். 40 கோடி ஆண்டு கழித்து அதில் என்ன வேதிப்பொருள் மிஞ்சியிருக்கும்? டிஎன்ஏவை எடுத்துப் பார்த்தால் விஷயம் முடிந்துவிடாதா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் ஓர் உயிரியைப் பற்றிய கேள்வி. உள்ளே இருக்கும் சந்தேகம் பெரியது: அடையாளம் தெரியாத அளவுக்கு உருமாறிவிட்ட ஒரு பொருள், தான் முன்பு என்னவாக இருந்தது என்பதற்குத் தானே சாட்சி சொல்ல முடியுமா? சில பாறைகளில் முடியும், பெரும்பாலானவற்றில் முடியாது என்பது என் பதில். நான் கரிம நிலவேதியியல் படித்தவன். நிலக்கரியிலிருந்தும் களிப்பாறையிலிருந்தும் கரிமப்பொருளைப் பிரித்து அளப்பதே பல ஆண்டுகளாக என் பிழைப்பு. தாவர உடற்கூற்றியல் என் துறை அல்ல. அது குறுக்கிடும் இடங்களில் அத்துறையினர் எழுதியதை நம்பியே பேசுகிறேன்.

டிஎன்ஏவை முதலில் முடித்துவிடுவோம். இதுவரை படித்தறியப்பட்ட மிகப் பழைய டிஎன்ஏக்களில் ஒன்று வடக்கு கிரீன்லாந்தின் உறைமண்ணிலிருந்து எடுக்கப்பட்டு 2022இல் வெளியானது. அதன் வயது சுமார் 20 லட்சம் ஆண்டு. உறைபனியில் கிடந்து, களிமண் துகள்களில் ஒட்டிக்கொண்டிருந்ததால்தான் அவ்வளவு காலமாவது தாங்கியது. நாம் பேசிக்கொண்டிருப்பது அதைப் போல 200 மடங்கு பழைய பாறையைப் பற்றி. அதுவும் வெந்நீர் ஊற்றில் பிறந்த பாறையைப் பற்றி. அந்தக் கதவு மூடியே இருக்கிறது.

ஆனால் மூலக்கூறுகள் எல்லாம் ஒரே வேகத்தில் அழிவதில்லை. டிஎன்ஏ, சர்க்கரைகள், புரதங்கள் முதலில் போகின்றன. கொழுப்பும் மெழுகும் நெடுங்காலம் தாக்குப்பிடிக்கின்றன. நாம் வண்டியில் எரிக்கும் பெட்ரோலே அதற்குச் சான்று. நிலத்தில் ஏறிய தாவரங்கள், உலர்ந்துபோகாமல் இருக்கவும் நிமிர்ந்து நிற்கவும் சில உறுதியான பொருள்களைத் தயாரித்துக்கொண்டன. மேல்தோலில் கியூட்டின் என்ற மெழுகுப் பூச்சு, ஸ்போர்களின் ஓட்டில் ஸ்போரோபோலெனின், நீர் கடத்தும் செல்களின் சுவரில் லிக்னின் ஆகியவை அவை. பூஞ்சையின் செல்சுவர் வேறு வகை. அங்கே முக்கியப் பொருள் கைட்டின். அதுவும் செல்லுலோஸைப் போலச் சர்க்கரைத் தொடர்தான், ஆனால் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு நைட்ரஜன் அணு உட்கார்ந்திருக்கிறது. செல்லுலோஸில் நைட்ரஜன் கிடையாது. தாவரத்தையும் பூஞ்சையையும் வேதியியலால் பிரிக்கும் முயற்சிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு வித்தியாசங்களைத்தான் பிடித்துக்கொண்டு தொங்குகின்றன: ஒரு பக்கம் லிக்னினின் அரோமாட்டிக் வளையங்கள் (ஆறு கார்பன் அணுக்கள் சேர்ந்த உறுதியான வளையங்கள்), மறுபக்கம் கைட்டினின் நைட்ரஜன்.

புதைந்த பிறகு இவை அப்படியே இருப்பதில்லை. வெப்பம் ஏற ஏறப் பழைய பிணைப்புகள் அறுகின்றன. மிஞ்சிய துண்டுகள் ஒன்றோடொன்றும், அருகில் கிடக்கும் கொழுப்போடும் புதிதாகப் பிணைந்து, எதிலும் கரையாத ஒரு கறுப்புப் பொருளாகின்றன. இதற்குக் கெரோஜன் என்று பெயர். எனவே ‘40 கோடி ஆண்டுப் பழைய கைட்டின் கிடைத்தது’ என்று யாராவது எழுதினால், அது அநேகமாகக் கைட்டின் அல்ல, கைட்டின் உருமாறிய எச்சம். இதை நன்றாகக் காட்டியது ஜார்ஜ் கோடி குழு 2011இல் வெளியிட்ட ஆய்வு. 31 கோடி ஆண்டுப் பழைய தேளின் தோல், ஏறத்தாழ 41.7 கோடி ஆண்டுப் பழைய கடல்தேளின் தோல் ஆகியவற்றை எக்ஸ்-கதிர் உறிஞ்சல் முறையில் பார்த்து, கைட்டினும் புரதமும் சேர்ந்த கலவையின் சுவடு, நைட்ரஜனோடு, இன்னும் இருக்கிறது என்றார்கள். மூலக்கூறு சிதைந்திருந்தது, ஆனால் சிதைவு நைட்ரஜனை முழுதாகத் துடைத்துவிடவில்லை.

அடிப்பிடித்துத் தீய்ந்த பாத்திரத்தைப் பார்த்து, வெந்தது பருப்பா சோறா என்று சொல்வதைப் போன்ற வேலை இது. ஒற்றைப் பாத்திரத்தைக் கையில் கொடுத்தால் நான் ஊகிக்கத்தான் முடியும். அதே அடுப்பில் அதே நேரத்தில் தீய்ந்த இன்னும் நான்கு பாத்திரங்களைக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் என்ன வெந்தது என்பதையும் சொல்லிவிட்டால், ஐந்தாவதைப் பற்றி வாய் திறக்கலாம். இந்தத் துறையில் எந்த முடிவை எவ்வளவு நம்புவது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இது ஒன்றுதான்: அடையாளம் உறுதியாகத் தெரிந்த அண்டை உயிரிகள் அதே பாறையில் இருக்கின்றனவா, அவற்றோடு ஒப்பிட்டார்களா? ஒப்பிடாமல், இன்றைய காளானின் நிறமாலையை (எந்த அலைநீளம் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்ற பதிவை) ஒரு பக்கமும் 40 கோடி ஆண்டுக் கரியை மறுபக்கமும் வைத்து ‘பொருந்தவில்லை’ என்று சொன்னால் அதற்குப் பொருளே இல்லை. எதுதான் பொருந்தும்?

ரைனி பாறைக்கு இவ்வளவு மதிப்பு ஏன் என்பது இங்கேதான் விளங்கும். ஸ்காட்லாந்தின் அபர்டீன்ஷர் பகுதியில் ரைனி என்றொரு சிற்றூர். 1910களின் தொடக்கத்தில் வில்லியம் மேக்கி என்ற மருத்துவர், அங்கே வயல்களிலும் கல்வேலிகளிலும் கிடந்த ஒருவகைக் கற்களுக்குள் தாவரத் தண்டுகள் இருப்பதைக் கவனித்தார். ராபர்ட் கிட்ஸ்டனும் வில்லியம் லாங்கும் 1917 முதல் 1921 வரை அவற்றை விரிவாக விவரித்தார்கள். சுமார் 40.7 கோடி ஆண்டுகளுக்கு முன், டெவோனியன் காலத் தொடக்கத்தில், அங்கே இன்று அமெரிக்காவின் யெல்லோஸ்டோனில் இருப்பவை போன்ற வெந்நீர் ஊற்றுகள் இருந்தன. சிலிக்கா கரைந்த நீர் பரவி, சுற்றியிருந்த சின்னஞ்சிறு தாவரங்களையும் பூஞ்சைகளையும் பூச்சிகளையும் பாசிகளையும் அழுகுவதற்கு முன்பே கல்லுக்குள் அடைத்துவிட்டது. நம் திருவக்கரைக் கல்மரங்களும் சிலிக்கா ஏறிக் கல்லானவைதான்; ஆனால் அவை பல கோடி ஆண்டுகள் பிந்தியவை, ஆற்றோடு அடித்து வந்த மரக்கட்டைகள். ரைனியில் வாழ்விடமே அப்படியே உறைந்திருக்கிறது. தண்டின் செல்லுக்குள் நுழைந்த பூஞ்சையிழை நுழைந்த நிலையிலேயே நிற்கிறது.

வேதியியலாளனின் கண்ணுக்கு அழகைவிட வேறொன்று பெரிது. ரைனியில் தாவரம், பூஞ்சை, கணுக்காலி, சயனோபாக்டீரியா (ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா) எல்லாம் ஒரே கல்லில், ஒரே வெப்பத்தை, ஒரே காலத்துக்குப் பட்டிருக்கின்றன. ஆகவே அவற்றுக்கிடையே இன்று தெரியும் வேதியியல் வேறுபாடு, புதைந்த வரலாற்றின் வேறுபாடாக இருக்க வாய்ப்புக் குறைவு. உயிரோடு இருந்தபோதே இருந்த வேறுபாட்டின் மிச்சமாக இருக்கலாம். 2023இல் கோரெண்டின் லோரோனும் எடின்பரோவைச் சேர்ந்த அவரது சகாக்களும் இதைச் சோதித்தார்கள். கல்லின் மெல்லிய சீவல்களில் தனித்தனிப் புதைபடிவங்களின் மேல் அகச்சிவப்புக் கதிரைச் செலுத்தி, எந்த அலைநீளம் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பதிவு செய்தார்கள். எது என்ன உயிரி என்று சொல்லாமலேயே புள்ளிவிவர முறையில் குழு பிரிக்கவிட்டபோது, செல்லில் உட்கரு உள்ள உயிரிகள் ஒரு பக்கமும் சயனோபாக்டீரியா மறுபக்கமும் தாமாகப் பிரிந்தன. இது சிறிய விஷயம் போலத் தோன்றலாம். எனக்கு இதுதான் அந்த ஆய்வின் கனமான பகுதி. விடை முன்பே தெரிந்த கணக்கில் முறை சரியாக வேலை செய்தது. இனி விடை தெரியாத கணக்கில் அதைப் போட்டுப் பார்க்கும் உரிமை கிடைத்தது.

அகச்சிவப்பு முறையின் சங்கடங்களையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் செய்திகளில் இவை வருவதே இல்லை. கரிமப்பொருளின் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்புகள் 2920, 2850 என்ற அலையெண்களின் (ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை அலை என்ற கணக்கு) அருகே தெளிவாகத் தெரியும். அங்கே தொல்லை குறைவு. ஆனால் நைட்ரஜனைக் காட்டிக்கொடுக்கும் அமைடு பட்டைகள் 1650, 1550 வாக்கில் வருகின்றன. கல்லில் சிலிக்கா இருப்பது குவார்ட்ஸ் வடிவில்; அதன் சொந்தப் பட்டைகள் 1680, 1610, 1525 அருகே இருக்கின்றன. கல்லுக்குள் சிறைப்பட்ட நீர் 1630இல் தலை நீட்டும். நாம் தேடும் மெல்லிய குரல் இத்தனை இரைச்சலுக்கு நடுவே இருக்கிறது. சர்க்கரைகளுக்குரிய 1000 முதல் 1200 வரையிலான பகுதியைச் சிலிக்கா முற்றாக விழுங்கிவிடும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் கல்லைக் கரைத்துவிட்டுக் கரிமப்பொருளை மட்டும் எடுத்தால் இந்தத் தொல்லை தீரும். ஆனால் எந்தத் துகள் எந்த உயிரியிலிருந்து வந்தது என்ற தகவல் போய்விடும் அபாயம் உண்டு. ஒன்றைப் பெற ஒன்றை இழக்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு சங்கடம் பசை. பழைய அருங்காட்சியகச் சீவல்கள் கனடா பால்சம் என்ற பசையில் கண்ணாடித் தகட்டின் மேல் ஒட்டப்பட்டவை. அது ஃபர் மரத்தின் பிசின், அசல் தாவரப் பொருள். அந்தச் சீவலைக் கரைப்பானில் ஊறவைத்துத் ‘தாவரச் சேர்மம்’ தேடினால் கண்டிப்பாகக் கிடைக்கும்! இன்றைய எபாக்சிப் பசைக்கும் தனக்கென்று அரோமாட்டிக் பட்டைகள் இருக்கின்றன. லிக்னினைத் தேடுகிறவனை ஏமாற்ற அவை போதும். ஒழுங்காகச் செய்யப்பட்ட ஆய்வில் பசையின் நிறமாலையும், புதைபடிவம் இல்லாத வெறும் கல்லின் நிறமாலையும் தனியே எடுத்துக் காட்டியிருப்பார்கள். நான் எந்தக் கட்டுரையிலும் முதலில் புரட்டிப் பார்க்கும் பக்கம் அதுதான்.

லிக்னினுக்கு வருவோம். ரைனியில் உள்ள எல்லாத் தாவரங்களும் ஒரே நிலையில் இல்லை என்பது இதை ருசிகரமாக்குகிறது. ஆஸ்டிராக்சிலானின் நீர்க்குழாய்ச் செல்களில் தடித்த வளையச் சுவர்கள் இருக்கின்றன. அது இன்றைய லைகோபாடுகள் என்ற ஸ்போர்த் தாவரங்களின் உறவு. அக்லாவோஃபைட்டான் என்பதில் நீர் கடத்தும் இழை உண்டு, ஆனால் அந்தத் தடிப்புகள் இல்லை. மாஸ் தாவரங்களின் நீர்ச்செல்களையே அது அதிகம் நினைவூட்டுகிறது என்று டேவிட் எட்வர்ட்ஸ் 1986இல் காட்டினார். கெவின் பாய்ஸ், முன்பு சொன்ன ஜார்ஜ் கோடி ஆகியோர் 2003இல் இந்தத் தாவரங்களின் செல்சுவர்களைத் திசுத் திசுவாக ஆராய்ந்து, எங்கே லிக்னின் ஏறியிருந்தது என்று தேடினார்கள். முழுத் தண்டையும் அரைத்து ‘லிக்னின் இருக்கிறது’ என்று சொல்வதைவிட, இந்தச் செல்லில் உண்டா, பக்கத்துச் செல்லில் உண்டா என்று கேட்பது எவ்வளவோ மேல். ஒரே தண்டுக்குள்ளேயே ஒப்பிடும்போது புதைந்த வரலாறு முழுவதும் கழிந்துவிடுகிறது.

ஆனாலும் லிக்னினை வைத்து ‘இது தாவரம்’ என்று முத்திரை குத்துவதற்கு எனக்குத் தயக்கம் உண்டு. 2009இல் கலியார்த்ரான் என்ற கடல் சிவப்புப்பாசியில் லிக்னின் இருப்பதாகப் பாட்ரிக் மார்ட்டோன் குழு காட்டியது. சிவப்புப்பாசிக்கும் நிலத்தாவரத்துக்கும் உள்ள உறவு மிகத் தொலைவானது. அதற்கு முந்தைய ஆண்டில், செலாஜினெல்லா என்ற லைகோபாடின் ஒருவகை லிக்னின், பூக்கும் தாவரங்களில் இருப்பதோடு ஒத்திருந்தாலும் தனியே தோன்றியது என்று தெரிந்தது. உறுதியான சுவர் வேண்டும் என்ற தேவை வந்தபோது, வெவ்வேறு பரம்பரைகள் ஏறக்குறைய ஒரே வழியைக் கண்டுபிடித்திருக்கின்றன. இந்தத் தகவலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ப்ரோட்டோடாக்சைட்டிஸில் இது மீண்டும் தேவைப்படும்.

தாவரங்களின் தடயங்களில் நான் மிகவும் நம்புவது ஸ்போர்களின் ஓட்டைத்தான். வடக்கு இல்லினாயில் ஒரு பழைய சுண்ணாம்புக்கல் குகைக்குள் அடைபட்ட ஸ்போர்கள் கிடைத்தன. வயது 31 கோடி ஆண்டு. ஆழப் புதையாததால் வெப்பம் படவில்லை. 2012இல் அவற்றின் ஸ்போரோபோலெனினை ஆராய்ந்தவர்கள், அது இன்றைய தாவரங்களுடையதிலிருந்து பெரிதாக மாறவில்லை என்றார்கள். வயது மட்டுமே மூலக்கூறைக் கொல்வதில்லை, பட்ட சூடுதான் கொல்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நிலத்தாவரங்களின் மிகப் பழைய தடயம் என்று பரவலாக ஏற்கப்படுவதும் ஸ்போர்கள்தான்: அர்ஜென்டினாவில் கிடைத்த, சுமார் 47 கோடி ஆண்டுப் பழைய ஸ்போர் போன்ற துகள்கள். ஆனால் அங்கே தீர்ப்பு பெரும்பாலும் வடிவத்தை வைத்துச் சொல்லப்பட்டது. ஓமானில் சற்றுப் பிந்திய காலத்துப் பாறையில், அத்தகைய ஸ்போர்கள் கூட்டமாக, அவற்றை மூடியிருந்த உறையின் துண்டுகளோடு 2003இல் கிடைத்தபோதுதான் பலருக்கு நம்பிக்கை வந்தது. வேதியியல் அந்தக் கதையில் துணைச் சாட்சி மட்டுமே.

எண்ணெயிலும் களிப்பாறையிலும் நாங்கள் அளக்கும் ஸ்டெரேன் (ஸ்டெரால் என்ற கொழுப்புவகை புதைந்து உருமாறிய எச்சம்) போன்ற உயிர்ச்சுவடுகளை வைத்து நிலத்தாவரங்களின் தொடக்கத்தைப் பிடிக்க முடியாதா என்று துறை மாணவர்கள் கேட்பதுண்டு. இந்தக் காலத்துக்கு அவை மழுங்கிய கருவி. 29 கார்பன் கொண்ட ஸ்டெரேன் நிலத்தாவரங்களிலிருந்து வரும்; பச்சைப்பாசிகளிலிருந்தும் தாராளமாக வரும். பூஞ்சையின் எர்கோஸ்டெரால் 28 கார்பன் ஸ்டெரேனாக மாறும். பல பாசிகளும் அதே எண்ணிக்கைக்குப் பங்களிக்கின்றன. போதாக்குறைக்கு இந்தச் சேர்மங்கள் நகரக்கூடியவை. ஆஸ்திரேலியாவின் 270 கோடி ஆண்டுப் பாறையில் ஸ்டெரேன் கண்டதாக 1999இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வு நினைவிருக்கலாம்; அவை பிற்காலத்தில் கலந்த மாசு என்று பின்னர் முடிவானது. நல்ல ஆய்வகம், நல்ல ஆட்கள். பாறைதான் சுத்தமாக இருக்கவில்லை.

பூஞ்சைகளின் பக்கம் நிலைமை இன்னும் மோசம். பூஞ்சை பாறைக்குள்ளேயே வாழக்கூடியது. நேற்று விரிசல் வழியாக நுழைந்த இழை, இன்று புதைபடிவம் போல நிற்கும். அதில் நிஜமான, புத்தம்புதிய கைட்டினும் இருக்கும். கனடாவின் ஆர்க்டிக் பகுதியில், ஏறத்தாழ 100 கோடி ஆண்டுப் பழைய ஊராஸ்ஃபைரா என்ற நுண்ணுயிரியைப் பூஞ்சை என்று இதே லோரோன் 2019இல் அறிவித்தார்; கைட்டினுக்குரிய அகச்சிவப்புச் சுவடு அதற்கு ஓர் ஆதாரம். அடுத்த ஆண்டு காங்கோவிலிருந்து 71.5 முதல் 81 கோடி ஆண்டுப் பழைய இழைகளைப் பற்றி இன்னொரு குழு அதே போலச் சொன்னது. இரண்டு குழுவும் பிற்கால மாசு இல்லை என்று காட்ட உழைத்திருக்கின்றன. இருந்தாலும் நான் இவற்றைச் ‘சாத்தியம்’ என்ற பெட்டியில்தான் வைத்திருக்கிறேன். அங்கே அடையாளம் உறுதியான அண்டை உயிரிகள் போதுமான அளவு இல்லை. கைட்டின் பூஞ்சைக்கு மட்டும் சொந்தமும் அல்ல. கணுக்காலிகள் முதல் டயாட்டம் என்ற நுண்பாசிகள் சில வரை பலருக்கும் உண்டு.

தாவரமும் பூஞ்சையும் வேரில் கூட்டுச் சேர்ந்து வாழும் வழக்கம் எவ்வளவு பழையது என்ற கேள்விக்கு உறுதியான பதில் வந்தது வேதியியலிலிருந்து அல்ல. 1994இல் வின்ஃப்ரீட் ரெமி குழு, அக்லாவோஃபைட்டான் தண்டின் செல்களுக்குள் மரம் போலக் கிளைத்த அர்பஸ்கியூல்களை நுண்ணோக்கியில் காட்டியது. உணவும் தாதுவும் கைமாறும் உறுப்பு அது. இன்று நம் நெல்லின் வேரிலும் அதே வடிவம். இன்றைய மண்ணில் இந்தப் பூஞ்சைகளை அளக்க ஒரு கொழுப்பு அமிலம் இருக்கிறது: 16 கார்பன், ஐந்தாவது இடத்தில் ஓர் இரட்டைப் பிணைப்பு. அந்த இரட்டைப் பிணைப்புதான் அதன் அடையாளம். புதைந்தால் முதலில் போவதும் அதுதான். வடிவம் பேசும் இடத்தில் வேதியியல் ஒதுங்கி நிற்பதில் எந்த அவமானமும் இல்லை.

இப்போது உங்கள் ராட்சதன். கனடாவின் கஸ்பே கடற்கரையில் கிடைத்த மரத்தண்டு போன்ற பொருளுக்கு வில்லியம் டாசன் 1859இல் ப்ரோட்டோடாக்சைட்டிஸ் என்று பெயர் வைத்தார். அழுகிய ஊசியிலை மரம் என்று நினைத்தார். 1872இல் வில்லியம் கரதர்ஸ் அது பாசி என்றார். மரங்களே இல்லாத, செடிகள் முழங்காலைத் தாண்டாத உலகில் 8 மீட்டர் வரை உயர்ந்து நின்ற தூண் அது. உள்ளே இலை, வேர், மரத்திசு எதுவும் இல்லை. தடித்ததும் மெலிந்ததுமான குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. 2001இல் ஃபிரான்சிஸ் ஹூபர் அதைப் பூஞ்சை என்று வலுவாக வாதிட்டார். 2007இல் பாய்ஸ் குழு கார்பன் ஐசோடோப்புகளை அளந்தது. ஒளிச்சேர்க்கை செய்யும் தாவரங்கள் ஒரே காலத்தில், ஒத்த சூழலில் இருந்தால் அவற்றின் கார்பன்-13 விகிதம் குறுகிய எல்லைக்குள் இருக்கும். ப்ரோட்டோடாக்சைட்டிஸ் மாதிரிகளுக்கிடையே அது ஆயிரத்தில் 13 வரை சிதறியிருந்தது. தானே உணவு செய்யாமல், கிடைத்ததைத் தின்று வாழ்ந்தால்தான் இப்படி வரும், தின்ற உணவின் கையெழுத்தே அதில் இருக்கிறது என்றார்கள். நல்ல வாதம். ஆனால் கவனியுங்கள்: அது ‘பிறரைத் தின்றது’ என்பதைத்தான் சொல்கிறது, ‘பூஞ்சை’ என்பதை அல்ல. 2010இல் லிண்டா கிரஹாம் குழு, சுருண்ட ஈரலித் தாவரப் (லிவர்வோர்ட்) பாய்கள் சயனோபாக்டீரியாவோடு சேர்ந்தாலும் இப்படி வரலாம் என்று எதிர்வாதம் வைத்தது; உடற்கூற்றியலார் பலர் அதை ஏற்கவில்லை. 2018இல் ரோஸ்மேரி ஹோனெகர் குழு, ரைனியில் கிடைத்த ப்ரோட்டோடாக்சைட்டிஸ் டைட்டி என்ற இனத்தின் இனப்பெருக்கப் பகுதி என்று ஒரு துண்டைக் காட்டி, இது அஸ்கோமைசீட் என்ற பிரிவைச் சேர்ந்த பூஞ்சை என்றது. அந்தத் துண்டு அதே உயிரியினுடையதுதானா என்பது இன்றும் சர்ச்சை.

நீங்கள் படித்த செய்தி, 2025இல் முன்வெளியீடாக வந்த எடின்பரோ ஆய்வைப் பற்றியது. அவர்கள் எடுத்துக்கொண்டது ரைனியின் டைட்டி இனம். கஸ்பேயின் தூண்களைவிடச் சிறியது, ஆனால் ரைனியில் இருந்த உயிர்களில் பெரியது. அதன் குழாய்கள் எந்தப் பூஞ்சையிலும் காணாத வகையில் இணைந்து கிளைக்கின்றன என்பது உடற்கூற்று வாதம். வேதியியல் வாதம் இது: அதே ரைனிக் கல்லில் உள்ள உறுதியான பூஞ்சைகளில் கைட்டினின் புதைபடிவ எச்சம் அகச்சிவப்பில் தெரிகிறது, ப்ரோட்டோடாக்சைட்டிஸில் தெரியவில்லை. அதில் தெரிவது லிக்னினின் எச்சத்தை அதிகம் ஒத்த கொழுப்பு, அரோமாட்டிக், ஃபீனால் பகுதிகள். ஆகவே பூஞ்சை அல்ல. முற்றிலும் அழிந்துபோன, பெயரில்லாத ஒரு பரம்பரை என்று முடித்தார்கள்.

‘இல்லை’ என்பதை வைத்து வாதாடுவது புதைபடிவ வேதியியலில் வழக்கமாகப் பலவீனமானது. இல்லாமல் போனதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். இங்கே அது பலமாவதற்குக் காரணம் அண்டை வீட்டார். ஒரே கல்லில், ஒரே சூட்டில் பூஞ்சையின் கைட்டின் எச்சம் தப்பியிருக்கும்போது, ப்ரோட்டோடாக்சைட்டிஸின் கைட்டின் மட்டும் சுவடின்றிப் போனது ஏன் என்று எதிர்த்தரப்பு விளக்க வேண்டியிருக்கிறது. விளக்கம் சாத்தியமே இல்லை என்று சொல்லமாட்டேன். அதன் சுவரில் கைட்டின் அளவு மிகக் குறைவாக இருந்திருக்கலாம், கல்லாவதற்கு முன் அது அதிக நேரம் அழுகிக் கிடந்திருக்கலாம். ஆனால் சுமை இப்போது அவர்கள் தோளில்.

ஆகவே ‘பூஞ்சை அல்ல’ என்ற பகுதியை நான் பெரும்பாலும் ஏற்கிறேன். ‘லிக்னின் போன்றது’ என்பதை எச்சரிக்கையோடு வாசிக்கிறேன்: சூடு பட்ட கரிமப்பொருள் எதுவும் மெல்ல அரோமாட்டிக் ஆகிக்கொண்டே போகும், கலியார்த்ரான் காட்டியபடி லிக்னினும் ஒரு பரம்பரையின் தனிச்சொத்து அல்ல. ‘முற்றிலும் அழிந்துபோன பரம்பரை’ என்பது, எனக்குத் தெரிந்தவரை, அளவீடு அல்ல. எந்தப் பெட்டியிலும் அடங்காததற்கு வைத்த தற்காலிகப் பெயர். செய்தியில் இருந்த ‘நிரூபணம்’ என்ற சொல் கட்டுரையின் வேதியியல் பகுதிக்குப் பொருந்தாது. உடற்கூற்றும் வேதியியலும் ஒரே திசையைக் காட்டுகின்றன என்பதே அதன் பலம்.

இன்னொரு குறையும் இருக்கிறது, அதை அந்த ஆய்வாளர்களின் தலையில் சுமத்த முடியாது. கஸ்பேயிலும் பிற இடங்களிலும் கிடைக்கும் பெரிய தூண்கள் வேறு வகையில் பாதுகாக்கப்பட்டவை, வேறு சூடு பட்டவை. அவற்றின் அருகே ஒப்பிடத் தக்க பூஞ்சைகளும் தாவரங்களும் ரைனியில் இருப்பது போல வரிசையாக நிற்பதில்லை. டைட்டிக்குச் சொன்னது 8 மீட்டர் ராட்சதனுக்கும் பொருந்துமா என்று கேட்டால், இரண்டும் ஒரே பேரினம் என்ற உடற்கூற்றியலாரின் வார்த்தையைத் தவிர வேதியியலிடம் காட்ட ஒன்றும் இல்லை. ரைனியிலேயே கூடுதலாக டைட்டித் துண்டுகள் கிடைத்தால், அதே சோதனையை இன்னும் பல பூஞ்சைகளோடும், பூஞ்சை போலத் தோன்றினாலும் பூஞ்சையல்லாத, செல்லுலோஸ் சுவர் கொண்ட ஊமைசீட்டுகளோடும் வைத்துத் திரும்பச் செய்யலாம். ஊமைசீட்டுகளும் அந்தக் கல்லில் பதிவாகியிருக்கின்றன. ஆனால் ரைனிப் பாறை தரைக்கு மேல் எங்கும் தலை காட்டுவதில்லை. வயலில் உழவுக்கு வரும் கல், வெட்டிய குழி, துளைத்த துரப்பணக் கம்பம் ஆகியவற்றிலிருந்து கிடைப்பதை வைத்துத்தான் எல்லோரும் வேலை செய்கிறார்கள்.